பதினாறு மணி நேரப் பயணம், நான்கு பைலட்டுகள்: யார் கணக்கில் எத்தனை மணி?

2025 டிசம்பர் தொடக்கத்தில் நாடெங்கும் விமானங்கள் அடுத்தடுத்து ரத்தாயின. அப்போது செய்திகளில் அதிகம் அடிபட்டது பைலட்டுகளின் பணி நேர விதி. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்தது. இரவில் தரையிறங்கும் எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. இந்த இரண்டு மாற்றங்களும் ஓரளவு புரிந்தன. ஆனால் பறப்பு நேரம், பணி நேரம், அனுபவ நேரம் ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கலந்தே பல செய்திகள் எழுதப்பட்டன. மதுரைக்கோ சென்னைக்கோ போய் விமானம் ஏறும் கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ராமநாதபுரம் கடற்கரை ஊர் மக்களுக்கு இது பயணிகளின் கவலை மட்டும் அல்ல. இந்தக் கடற்கரையில் பிள்ளையை விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் வீடுகளும் இருக்கின்றன. அந்தப் படிப்பில் பணம் கொடுத்து வாங்குவதே 'மணிநேரம்' என்ற ஒன்றைத்தான். அது எப்படி எண்ணப்படுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் அதற்குச் செலவு செய்வது சரியல்ல.

குழப்பத்தின் மையத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. பதினாறு மணி நேரத்துக்கு மேல் பறக்கும் நெடுந்தூர விமானத்தில் நான்கு பைலட்டுகள் போகிறார்கள். எந்த நேரத்திலும் இருவர்தான் விமானத்தை இயக்குகிறார்கள். மற்ற இருவர் படுத்து உறங்குகிறார்கள். நால்வரும் பதினாறு மணி நேரம் என்று எழுதிக்கொள்ளலாமா?

விமானம் அசையும் கணத்திலிருந்து

பறப்பு நேரம் என்றால் சக்கரம் ஓடுபாதையை விட்டு எழும்பியதிலிருந்து கணக்கு என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். விமானியின் பறப்புப் பதிவேடான லாக்புக்கில் அப்படி இல்லை. ஐ.நா.வின் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ. தரும் வரையறைப்படி, புறப்படும் நோக்கத்தோடு விமானம் முதன்முதலாக அசையும் கணத்தில் பறப்பு நேரம் தொடங்குகிறது. பயணம் முடிந்து விமானம் இறுதியாக நிற்கும்போது அது முடிகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை பிளாக் நேரம் என்கிறார்கள். ஓடுபாதைக்கு வெளியே வரிசையில் அரை மணி நேரம் காத்திருந்தால் அந்த அரை மணியும் இதில் சேரும். சக்கரம் மேலெழுந்தது முதல் தரையைத் தொட்டது வரையான வான்நேரம் தனியாகக் குறிக்கப்படுகிறது. அதன் முக்கியமான பயன் இன்ஜினுக்கும் உடற்பகுதிக்கும் பராமரிப்பு எப்போது என்று முடிவு செய்வதுதான்.

ஹெலிகாப்டருக்கு வரையறை வேறு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து தளத்திலிருந்து எழும் ஹெலிகாப்டர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதில் விளங்கும். சிவில் விமானத் துறையின் வரையறைப்படி, ஹெலிகாப்டரின் மேல் இறக்கை சுழலத் தொடங்கியதுமே பறப்பு நேரம் ஓட ஆரம்பிக்கிறது. சுழற்சி நின்றால்தான் முடிகிறது. இடையில் அது தரையிலேயே நின்றிருந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

நேரம் எழுதப்படுவது உலகப் பொது நேரத்தில். நமது கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தத்தில் மக்கள் நீராடிக்கொண்டிருக்கும் காலை 5.30 மணிதான் விமானப் பதிவுகளில் 00.00, தேதி மாறுவதும் அப்போதுதான். ஒரே பயணத்தில் பல நேர மண்டலங்களைக் கடக்கும் பணியில் இதைத் தவிர வேறு எதை அடிப்படையாகக் கொண்டாலும் கூட்டல் தப்பும்.

பணி நேரம் இவற்றிலிருந்து வேறானது. விமானி பணிக்கு வந்து கையெழுத்திடும் நேரத்திலேயே அது தொடங்கிவிடுகிறது. வானிலை அறிக்கை பார்ப்பது, எரிபொருள் முடிவு செய்வது, விமானத்தைச் சுற்றிப் பார்ப்பது எல்லாம் பணி. ஆனால் பறப்பு அல்ல. அடுத்த விமானத்தை எடுப்பதற்காக இன்னோர் ஊருக்குப் பயணியாக அமர்ந்து செல்வதும் பணி நேரம்தான். லாக்புக்கில் அதற்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

நான்கு பேர் எதற்கு?

மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ துபாய்க்குப் போகும் விமானத்தில் இரண்டு பைலட்டுகளே இருப்பார்கள். நான்கு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும் பயணத்துக்கு அது போதும். வளைகுடாவுக்குப் போய்வரும் குடும்பங்கள் அறிந்த விமானியறை இதுதான். நெடுந்தூரப் பயணத்தில் நான்கு பேர் ஏறுவது விமானம் பெரியது என்பதால் அல்ல. போயிங் 777, ஏர்பஸ் ஏ350 போன்ற பெரிய விமானங்களும் இரண்டு விமானிகள் இயக்கத் தக்கவை என்றே சான்றளிக்கப்பட்டவை. கூடுதல் விமானிகள் வருவது மனித உடலின் களைப்பினால். அமெரிக்க விதியில் இது பளிச்சென்று தெரியும்: இரண்டு பேர் என்றால், பணி தொடங்கும் நேரத்தைப் பொறுத்து, 8 அல்லது 9 மணி நேரம் வரை பறக்கலாம், மூன்று பேர் என்றால் 13 மணி, நான்கு பேர் என்றால் 17 மணி.

நால்வரில் இருவர் கேப்டன் தகுதி உடையவர்களாக இருக்கலாம். ஆனால் ஒரு பயணத்துக்குத் தலைமை விமானி ஒருவர்தான். இது பட்டத்தைப் பற்றிய விஷயம் அல்ல, சட்டப் பொறுப்பைப் பற்றியது. பாம்பனிலிருந்து இரவு மீன்பிடிக்கப் போகும் விசைப்படகில், படகின் பொறுப்பாளி சற்றுக் கண்ணயரும்போது இன்னொருவர் சக்கரத்தைப் பிடிப்பார். என்றாலும் படகுக்கு என்ன நேர்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் பொறுப்பாளிதான். விமானத்திலும் தலைமை விமானி படுக்கையில் இருக்கும்போது ஓட்டும் வேலை கைமாறுகிறது, பொறுப்பு மாறுவதில்லை. லாக்புக் கணக்கில் பாதிச் சிக்கல் இந்த ஒரு விதியில் அவிழ்ந்துவிடும்.

ஒரு பயணம், நான்கு பதிவுகள்

விளக்கத்துக்காக ஒரு பயணத்தைக் கற்பனை செய்துகொள்வோம். உலகப் பொது நேரம் 08.40க்கு விமானம் அசைகிறது, 09.00க்கு மேலெழுகிறது. மறுநாள் 00.50க்குத் தரையிறங்கி 01.00க்கு நிற்கிறது. பிளாக் நேரம் 16 மணி 20 நிமிடம். வான்நேரம் 15 மணி 50 நிமிடம். தலைமை விமானியும் முதல் துணை விமானியும் தொடக்கத்தில் 4 மணி நேரம், கடைசியில் 4 மணி 30 நிமிடம் இருக்கையில் இருக்கிறார்கள். நடுவில் உள்ள 7 மணி 50 நிமிடத்தை இரண்டாம் கேப்டனும் இரண்டாம் துணை விமானியும் பார்த்துக்கொள்கிறார்கள்.

1. தலைமை விமானி முழு 16 மணி 20 நிமிடத்தையும் தலைமை நேரமாக எழுதிக்கொள்கிறார். அவர் தூங்கிய நேரமும் அதில் அடங்கும். இது சலுகை அல்ல. அந்த நேரத்தில் எதுவும் நடந்திருந்தால் அவர்தான் விசாரணைக்கு நின்றிருப்பார்.

2. முதல் துணை விமானி இருக்கையில் இருந்த 8 மணி 30 நிமிடத்தைத் துணை விமானி நேரமாக எழுதலாம். ஐ.சி.ஏ.ஓ. விதியில் இங்கே முக்கியமானது, விமானிக்குரிய இருக்கையில் அமர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை.

3. இரண்டாம் துணை விமானிக்கு 7 மணி 50 நிமிடம். பயணத்தின் நடுப்பகுதிக்கு மட்டும் வரும் இத்தகைய மாற்று விமானி, விமானி இருக்கையில் இருக்கும் நேரத்தைத் துணை விமானி நேரமாக எழுதலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டு விதி வெளிப்படையாகவே சொல்கிறது. புறப்படும்போதும் இறங்கும்போதும் அவர் பின்னால் உள்ள மடக்கு இருக்கையில் அமர்ந்து கவனித்துக்கொண்டிருக்கலாம். அது பாதுகாப்புக்குப் பயனுள்ள வேலை. ஆனாலும் அவர் கணக்கில் ஏறாது.

4. இரண்டாம் கேப்டனுக்கும் அதே 7 மணி 50 நிமிடம்தான். அதை லாக்புக்கின் எந்தப் பத்தியில் (நெடுவரிசையில்) எழுதுவது என்பதில்தான் நாட்டுக்கு நாடு வேறுபாடு வருகிறது. கீழே பார்ப்போம்.

ஒருவர் கையில் கட்டுப்பாடு இருக்க, இன்னொருவர் கருவிகளைக் கண்காணித்து வானொலியில் பேசுவதுதான் விமானியறை நடைமுறை. கையில் கட்டுப்பாடு இல்லாதவரும் தன் நேரத்தை முழுதாக எழுதலாம். கண்காணிப்பதும் பறப்பதன் பாதி என்பதை விதி ஏற்றுக்கொண்டிருக்கிறது. விமானத்தைத் தானே ஓட்டும் கருவியான ஆட்டோபைலட் ஓட்டிய நேரத்தைக் கழிப்பதும் இல்லை.

அனுபவத்துக்கு ஒரு கணக்கு, களைப்புக்கு ஒரு கணக்கு

மேலே சொன்ன எண்களை வைத்து, துணை விமானி அன்று எட்டு மணி நேரம்தானே வேலை செய்தார், நாளைக்கே மீண்டும் அனுப்பலாமே என்று யாராவது வாதிட்டால், அது ஆபத்தான வாதம். களைப்பைக் கணக்கிடும் விதி வேறு அளவுகோலைப் பிடிக்கிறது. ஐரோப்பிய விதியின்படி, ஒரு பயணத்தில் இயக்கும் விமானியாக ஒதுக்கப்பட்டவருக்கு அந்தப் பயணத்தின் முழுப் பறப்பு நேரமும் உச்சவரம்பில் சேர்கிறது. அவர் படுக்கையில் இருந்தாரா இருக்கையில் இருந்தாரா என்று கேட்பதில்லை. நமது உதாரணத்தில் நால்வர் பெயரிலும் 16 மணி 20 நிமிடம் ஏறும்.

இந்த வேறுபாடு முற்றிலும் நியாயமானது. ஆட்டமும் இரைச்சலும் உள்ள ஒரு சிறு அறையில், உடலின் கடிகாரம் விழித்திரு என்று சொல்லும் நேரத்தில் படுத்திருப்பது வீட்டுத் தூக்கத்துக்கு ஈடாகாது. அதே சமயம், படுத்திருந்தவர் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளவும் இல்லை. ஓய்வறையில் கழிந்த நேரம் உடலைக் களைக்கச் செய்கிறது, திறமையைக் கூட்டுவதில்லை. ஆகவே களைப்புக் கணக்கில் அது சேர வேண்டும். அனுபவக் கணக்கில் சேரக் கூடாது. இரண்டு பதிவுகளிலும் ஒரே எண் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் குழப்பத்தின் வேர்.

இதன் விளைவை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஐரோப்பாவில் ஒரு நாட்காட்டி ஆண்டுக்கு 900 மணி நேரம் உச்சவரம்பு. நம் இரண்டாம் துணை விமானி இதே போன்ற பயணங்களை மட்டுமே செய்கிறார், போக 16.20, வர 16.20 என்று வைத்துக்கொள்வோம். 27 முறை போய்வந்தால் களைப்புக் கணக்கில் 882 மணி ஆகிவிடும். அதற்கு மேல் இன்னொரு முறை போய்வர இடமில்லை. அனுபவக் கணக்கில் அவருக்குச் சேர்ந்திருப்பதோ 423 மணி. இரண்டு பைலட்டுகள் மட்டும் செல்லும் குறுந்தூரப் பாதையில் பறக்கும் அவருடைய நண்பருக்கு, களைப்புக் கணக்கில் ஏறும் ஒவ்வொரு மணியும் அனுபவத்திலும் ஏறியிருக்கும்.

இந்தியாவில் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டி.ஜி.சி.ஏ. விதித்திருக்கும் உச்சவரம்பு 365 நாட்களுக்கு 1,000 மணி. இப்படிப்பட்ட வரம்புகள் மீறப்படாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கும் உண்டு, விமானிக்கும் உண்டு.

நாடு மாறினால் பத்தியும் மாறும்

இரண்டாம் கேப்டனின் 7 மணி 50 நிமிடத்துக்கு வருவோம். அமெரிக்க விதி ஓர் அசாதாரணமான வழியைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வகை விமானத்துக்கு உரிய தகுதி பெற்ற ஒருவர், தாம் மட்டுமே கட்டுப்பாட்டைக் கையாளும் நேரத்தைத் தலைமை நேரமாக எழுதிக்கொள்ளலாம். பயணத்தின் தலைமை விமானியும் அதே நேரத்தைத் தலைமை நேரமாக எழுதுவார். ஒரே மணி நேரத்துக்கு இரண்டு தலைமைப் பதிவுகள். இரண்டும் சட்டப்படி சரி. பொறுப்பை ஒரு பொருளாகவும் கையாளுவதை இன்னொரு பொருளாகவும் அங்கே பிரித்துப் பார்க்கிறார்கள். ஐரோப்பியப் பதிவு முறையில் கட்டுப்பாட்டைக் கையாளுவது மட்டும் தலைமை நேரத்துக்குப் போதாது. அந்த நேரத்தில் தலைமை விமானியாக இருந்திருக்க வேண்டும். தலைமை விமானி ஓய்வுக்குப் போகும்போது பயணத்தை நடத்தும் பணியை யாரிடம், எப்படி ஒப்படைக்கிறார் என்பதை விமான நிறுவனத்தின் செயல்முறைக் கையேடு எழுதி வைக்கிறது.

'மேற்பார்வையின் கீழ் தலைமை' என்று ஒரு பத்தியும் உண்டு. துணை விமானி, தலைமை விமானிக்குரிய முடிவுகளையும் வேலைகளையும் தாமே செய்ய, பக்கத்தில் இருக்கும் கேப்டன் தலையிட வேண்டிய தேவை எழாமல் பயணம் முடிந்தால், கேப்டன் கையெழுத்திட்டு அதை உறுதி செய்வார். போக்குவரத்து விமானி உரிமம் (பயணிகள் விமானத்தில் கேப்டன் ஆகத் தேவையான உயர் உரிமம்) பெற விரும்பும் இளையவர்களுக்கு இந்தப் பத்தி மிகவும் முக்கியம். ஐ.சி.ஏ.ஓ. தரத்தில் அந்த உரிமத்துக்கு மொத்தம் 1,500 மணி வேண்டும். அதற்குள் 250 மணி தலைமை நேரம் இருக்க வேண்டும். 70 மணியாவது நேரடித் தலைமையாக இருந்தால் மீதியை மேற்பார்வைத் தலைமையால் நிரப்பலாம். மொத்தத்துக்குள் இரவுப் பறப்பு 100 மணியும் இருக்க வேண்டும். இங்கே இரவு என்பது மாலை அந்தி முழுதாக மறைந்ததிலிருந்து காலை அந்தி தொடங்கும் வரை.

மணி சேரும், தரையிறக்கம் சேராது

நெடுந்தூர விமானிகளைப் பற்றி வெளியில் குறைவாகப் பேசப்படும் விஷயம் இது. லாக்புக்கில் மணிக்குத் தனிப் பத்தி இருப்பது போல மேலெழுதல், தரையிறக்கம் இரண்டுக்கும் தனிப் பத்திகள் உண்டு. பகல், இரவு என்று பிரிவும் உண்டு. அதில் எழுதிக்கொள்ள முடிந்தவர் கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தவர் ஒருவரே. பதினாறு மணிப் பயணத்தில் நான்கு பேருக்கு ஒரே ஒரு தரையிறக்கம்தான் இருக்கிறது.

பயணிகளோடு பறக்க வேண்டுமானால் கடந்த 90 நாட்களில் மூன்று முறையாவது மேலெழுந்து தரையிறக்கியிருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள அடிப்படை விதி. குறுந்தூர விமானிக்கு இது இரண்டு நாள் வேலை. நெடுந்தூர விமானி, அதிலும் நடுப்பகுதிக்கு மட்டும் வருபவர், மாதக்கணக்கில் பறந்தும் இதை எட்டாமல் போகலாம். அப்போது தரையில் உள்ள பயிற்சி விமானியறையான சிமுலேட்டரில் அமர்ந்து அந்த எண்ணிக்கையை நிரப்ப வேண்டியிருக்கும். நடுப்பகுதி மாற்று விமானிக்கென்று ஐ.சி.ஏ.ஓ. தனி விதி வைத்திருக்கிறது: அவர் 90 நாட்களுக்குள் அந்த வகை விமானத்தில் பணியாற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திறன் புதுப்பிப்புப் பயிற்சி பெற வேண்டும்.

2009 ஜூன் 1: எண்கள் சொல்லாமல் விட்டது

ரியோ டி ஜெனீரோவிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில் மூன்று பைலட்டுகள் இருந்தார்கள். கேப்டனுக்கு ஏறக்குறைய 11,000 மணி. துணை விமானிகள் இருவரில் ஒருவருக்கு 6,500க்கு மேல், இன்னொருவருக்கு 3,000க்குச் சற்றுக் குறைவு. அட்லாண்டிக் மேல் நள்ளிரவில் கேப்டன் முறைப்படி ஓய்வுக்குச் சென்றார். சில நிமிடங்களில் வேகமானிக் குழாய்களைப் பனிப்படிகம் அடைத்தது, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. கட்டுப்பாடு மூவரில் மணி குறைந்தவர் கையில் இருந்தது. கேப்டன் ஒன்றரை நிமிடம் கழித்துத் திரும்பி வந்தார்; நிலைமையை மீட்க முடியவில்லை. ஆட்டோபைலட் விலகி ஐந்து நிமிடங்கள் முடிவதற்குள் விமானம் கடலில் விழுந்தது. இறந்தவர்கள் 228 பேர்.

பிரெஞ்சு விசாரணை அமைப்பு 2012இல் வெளியிட்ட இறுதி அறிக்கையில் நம் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்தும் இரண்டு செய்திகள் உள்ளன. உயரத்தில் விமானத்தைக் கையால் ஓட்டும் பயிற்சி அந்தத் துணை விமானிகளுக்குத் தரப்படவில்லை என்பது ஒன்று. கேப்டன் ஓய்வில் இருக்கும்போது அவர் இடத்தை ஏற்பவரின் தகுதிக்குக் கூடுதல் அளவுகோல்கள் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது மற்றொன்று. அந்த விமானிகளின் லாக்புக்கில் மணிகள் பொய்யாக எழுதப்பட்டவை அல்ல; விதிப்படி சம்பாதித்தவை. ஆட்டோபைலட் ஓட்டிய நடுப்பகுதி மணிகள் எந்தத் திறமையைத் தரும், எதைத் தராது என்பதை மொத்த எண் காட்டவில்லை.

பயிற்சிக்கு அனுப்பும் வீடுகள் கேட்க வேண்டியவை

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி பறந்திருக்க வேண்டும். பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரம் இந்த எண்ணைச் சுற்றியே அமையும். மேலே சொன்னவற்றிலிருந்து சில கேள்விகள் தாமாகவே வருகின்றன.

1. அந்த 200இல் பயிற்றுநரோடு எத்தனை, தனியாகத் தலைமை ஏற்று எத்தனை? இரண்டும் மொத்தத்தில் முழுதாகச் சேரும். ஆனால் உரிமத்துக்குத் தலைமை நேரம் என்று ஒரு குறைந்தபட்ச அளவு தனியாக இருக்கிறது.

2. சிமுலேட்டர் நேரம் பறப்பு நேரத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிறதா? அது வேறு பத்தி. கருவிப் பறப்புப் பயிற்சியில் (வெளியே பார்க்காமல் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டும் பயிற்சியில்) ஒரு வரம்பு வரை மட்டுமே கணக்கில் வரும்.

3. வேறொருவர் ஓட்டும் ஒற்றை விமானி விமானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து 'மணி சேர்க்கலாம்' என்று யாராவது சொன்னால் எச்சரிக்கை தேவை. ஒருவரே ஓட்டத்தக்க விமானத்தில் துணை விமானி நேரம், விமானத் துறை ஆணையமே இருவர் வேண்டும் என்று கட்டளையிட்டிருந்தால்கூட, உயர் உரிமத்துக்குப் பொதுவாகப் பாதிக்கு மேல் கணக்கில் வராது. அந்தக் கட்டளையும் இல்லையென்றால் அவர் வெறும் பயணி.

4. லாக்புக்கில் எழுதும் ஒவ்வொரு வரியும் அந்த விமானத்தின் பயண ஏட்டோடு ஒத்துப்போக வேண்டும். 2011இல் இந்தியாவில் வெடித்த போலி விமானி விவகாரத்தில், பறக்காத நேரத்தைப் பறந்ததாக எழுதிக் கொடுத்த பயிற்சிப் பள்ளி ஒன்றும் சிக்கியது; உரிமம் வாங்கியவர்களும் கைதானார்கள். இப்போது டி.ஜி.சி.ஏ.வின் இணையதளத்தில் மின்-பதிவேடு இருக்கிறது. பயிற்சிப் பள்ளியோ நிறுவனமோ சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டியிருப்பதால், பழைய கையெழுத்து ஏட்டைவிட ஏமாற்றுவது கடினம்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் நிறுவனங்கள் மொத்தத்தோடு நிற்பதில்லை. எந்த வகை விமானத்தில், எந்தப் பொறுப்பில், இரவில் எவ்வளவு, கடைசி ஓராண்டில் எவ்வளவு என்று பிரித்துக் கேட்கின்றன. 423 மணி எழுதிய நெடுந்தூரத் துணை விமானியின் விண்ணப்பத்தில் களைப்புக் கணக்கின் 882ஐ எழுதும் இடமே இல்லை. அவர் அதை எழுதினால் அது பொய்ப் பதிவு. உரிமத்தையே இழக்க நேரிடலாம்.